அக்காவின் குரலைக் குறைத்தவர்

ஊரில் அவருக்கு ஹலோக்காரர் என்று பெயர். ஒலிபெருக்கி வாடகைக்கு விடுகிற தொழில். எந்த மேடையானாலும் மைக்கைத் தட்டி, ஹலோ ஹலோ சொல்லிப் பார்க்காமல் யார் கையிலும் கொடுக்க மாட்டார். தூக்கத்தில் புரண்டு படுத்தாலும் ஹலோ என்றுதான் வாய் திறக்கும் என்று மனைவி கேலி செய்வாள்.

அப்பா அம்மா போன பிறகு அவரை ஆளாக்கியது அக்காதான். ஊர் ஓரத்தில் நாற்றுப்பண்ணை வைத்து, செடி விற்றுப் படிக்க வைத்தாள். அந்தப் பண்ணையை ஒட்டிய நிலத்துக்குத்தான் கம்பெனி வந்தது. எங்கோ எண்ணெயும் எரிவாயுவும் எடுக்கும்போது கூடவே மேலே வருகிற உப்புக் கழிவுநீரை டேங்கர் லாரியில் கொண்டுவந்து, கைவிட்ட பழைய எண்ணெய்க் கிணறு வழியாகப் பூமிக்குள் இறக்கப் போகிறார்களாம். பாறைக்கு அடியில் போய்விடும், மேலே வராது என்றார்கள்.

"உள்ள போன தண்ணி எந்தப் பக்கம் போறேன்னு இவங்களுக்குக் கடுதாசி போடுமா?" என்று அக்கா கேட்டாள். அந்த ஒரு கேள்வியே திட்டத்தை எதிர்த்தவர்களின் முன்வரிசையில் அவளை நிறுத்திவிட்டது.

அதிகாரிகள் மக்கள் கருத்தைக் கேட்கக் கூட்டம் வைத்தார்கள். அக்கா மேடையே ஏறாதவள். தம்பி கடையில் ஸ்பீக்கர் பெட்டிகளுக்கு நடுவே நின்று பேசிப் பழகினாள். மைக்கை வாய்க்கு நேராகப் பிடிக்கவும், மூச்சை அதன்மேல் விடாமலிருக்கவும் அவர்தான் சொல்லிக்கொடுத்தார்.

கூட்டத்துக்கும் அவருடைய மைக் செட்தான். பேசுவதெல்லாம் அதன் வழியாகவே பதிவாகும். தொடங்குவதற்கு முன் கம்பெனி மேனேஜர் அவரைத் தனியே அழைத்துத் தோளில் கை போட்டார்.

"சார், இன்னிக்கு அமைதி உங்க கையிலதான் இருக்கு. யாராவது எகிறினா சத்தத்தக் கொஞ்சம் கொறச்சுடுங்க. உங்களுக்குத் தெரியாததா?"

இதுவரை எந்தப் பெரிய மனிதரும் அவரை சார் என்றதில்லை. உச்சி குளிர்ந்துபோயிற்று. தலையாட்டிவிட்டார்.

முதலில் ஊர் முடிதிருத்துகிறவர் எழுந்து சத்தம் போட்டபோது மைக்கின் ஒலியைக் குறைத்தார், யாரும் கவனிக்கவில்லை. பிறகு அக்கா வந்தாள். அவள் எகிறவேயில்லை. தன் போர்வெல் தண்ணீரைப் பற்றி, அதை நம்பி வேர் விடும் கன்றுகளைப் பற்றி நிதானமாகத்தான் தொடங்கினாள். முன்வரிசையிலிருந்து மேனேஜர் திரும்பி ஒரு பார்வை பார்த்தார். அவ்வளவுதான். ஹலோக்காரரின் விரல் தானாகக் கீழே இறங்கியது.

அக்காவின் வாய் அசைந்தது, குரல் வரவில்லை. கேட்கவில்லை என்று பின்வரிசைகள் கூச்சலிட்டன. அவள் தம்பியைப் பார்த்தாள். அவர் குனிந்து வயரை ஆராய்வதுபோல் பாசாங்கு செய்தார்.

"அவன ஒண்ணும் சொல்லாதீங்க. எனக்குத்தான் சரியாப் புடிக்கத் தெரியல," என்றாள் அக்கா, முன்வரிசைக்கு மட்டும் கேட்கிற மாதிரி. நேரம் முடிந்தது என்றார்கள் அதிகாரிகள். உட்கார்ந்துவிட்டாள். அடுத்துப் பேசிய மேனேஜரின் குரல் கணீரென்று தெருமுனை வரை போயிற்று.

அன்று மாலையே அக்கா வீட்டுக்கு வந்து, நாலு பேர் முன்னால் உன் பேரைக் கெடுத்துவிட்டேனே என்று வருத்தப்பட்டாள். பரவாயில்லை விடு என்று அவர் பெருந்தன்மையாகச் சொன்னார். விரல் செய்ததைவிட நாக்கு செய்ததுதான் பிறகு அவரை அதிகம் அரித்தது.

கம்பெனிக்கு அனுமதி கிடைத்தது. நாற்றுப்பண்ணைக்காரரின் கருத்து பதிவில் தெளிவாக இல்லை என்று அறிக்கையில் எழுதியிருந்தார்கள். அதைக் கேட்டதும் சோற்றை அப்படியே வைத்துவிட்டு எழுந்தார். பண்ணைக்குப் போனார். அக்கா கன்றுகளுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தாள். தரையைப் பார்த்தபடி எல்லாவற்றையும் சொன்னார்.

அவள் குழாயை மூடினாள்.

"இத்தன நாளா என் கையத்தான்டா திட்டிக்கிட்டு இருந்தேன்," என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

மறுநாள் அவர் தாமாகவே அதிகாரியிடம் போய் நடந்ததைச் சொல்லிக் கையெழுத்துப் போட்டார். அனுமதியை நிறுத்திவைத்து மறுபடி கூட்டம் போட்டார்கள். வேறு ஊர் மைக் செட். அவர் ஜனங்களோடு வரிசையில் நின்று, தம் முறை வந்ததும், "என் அக்கா சத்தத்த நான்தான் கொறச்சேன்," என்றார். மண்டபத்தில் யாரோ உச்சுக் கொட்டினார்கள். அவருக்குக் காது மடல் எரிந்தது. மேனேஜர் தம் செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்து அக்கா பேசினாள். இந்த முறை அவள் குரல் பின்வரிசை வரை கேட்டது.

அதிகாரிகளின் முடிவு இன்னும் வரவில்லை. லாரிகளும் வரவில்லை. அக்கா அவரிடம் பேசத்தான் செய்கிறாள். பிள்ளைகளின் படிப்பை விசாரிக்கிறாள், சாப்பிட்டாயா என்கிறாள். அவர்தான் இன்னும் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்டால் உடனே கொடுத்துவிடுவாள் என்பது அவருக்குத் தெரியும். அதை எந்த முகத்தோடு வாங்கிக்கொள்வது என்றுதான் தெரியவில்லை.