கஸ்தூரி புதைத்த மட்டி

கஸ்தூரிக்கு வலை கிடையாது, படகு கிடையாது. பத்து விரலும், பிடித்ததைப் போட வாயில் கவ்விய பறி என்ற ஓலைக் கூடையும்தான் தொழில். இடுப்பளவுத் தண்ணியில் உட்கார்ந்தபடியே நகர்ந்து, பழவேற்காட்டு ஏரிச் சேற்றைத் துழாவி இறால் பிடிப்பாள். முப்பது வருஷப் பிழைப்பு. "அவ கை பூந்தா இறாலு தானா வந்து ஏறும்" என்பார்கள். சும்மா பேச்சில்லை, நிஜம்தான்.

அந்தக் கைக்குத்தான் வந்தது கேடு. காக்கா ஆழி என்று ஒரு கறுப்புச் சிப்பி. எங்கிருந்தோ கப்பலோடு ஒட்டிக்கொண்டு வந்ததாம். வந்த சனியன் சும்மா கிடந்ததா? ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு சேற்றின்மேல் பாய் விரித்த மாதிரி படர்ந்தது. அடியில் மாட்டிய மஞ்சள் மட்டி, ஏரியின் சொந்தச் சிப்பி, மூச்சு முட்டிச் செத்தது. இறால் புதைய மண் இல்லை. கையை விட்டால் பிளேடாகக் கிழிக்கிறது. ஒண்ட வந்த பிடாரி ஊர்ப் பிடாரியை விரட்டின கதைதான்.

கோட்டைக்குப்பத்துப் பக்கம் இரண்டே இடம் தப்பியிருந்தது. ஒன்று கஸ்தூரி துழாவுகிற இடம். இன்னொன்று, கால்வாய்க்கு அந்தப் பக்கம், அவள் ஓர்ப்படி சந்தியா துழாவுகிற இடம். ஒருத்தர் இடத்தில் இன்னொருத்தர் கைவைக்க மாட்டார்கள், அது அவர்களுக்குள் கட்டுப்பாடு. ஆகவே தன் இடம் போனால் கஸ்தூரிக்கு ஏரியில் வேலையே இல்லை.

போன வருஷக் கோடையில் முகத்துவாரம் மணல் மூடிக்கொண்டது. கடல் தண்ணி உள்ளே வரவில்லை. ஏரி சுண்டிப்போய் காலை வைத்தால் சுட்டது, வாயில் பட்டால் கரித்தது. ஆழமில்லாத இடத்திலெல்லாம் மட்டி வாயைப் பிளந்து செத்தது. இந்த மாதிரி வருஷத்தில் ஊரில் ஒரு வழக்கம் உண்டு. உயிரோடிருக்கும் மட்டியைப் பொறுக்கி, ஆழமான இடத்தில் புதைத்து வைப்பார்கள். மழை வந்தால் பெருகும். மட்டி இருக்கிற மண்ணில்தான் இறால் அடையும் என்பது அவர்கள் கணக்கு.

கஸ்தூரி வெளியே ஆழமில்லாத இடங்களில் ஆறு கூடை பொறுக்கினாள். புருஷன் நாகப்பன், "கழுவிட்டு எட்துனு போமே, ஒரே சேறா கீது" என்றான்.

"உனுக்கு இன்னாயா தெரியும்? கழுவுனா செத்துப்பூடும். சேத்தோடதான் எட்துனு போவணும்."

அவள் சொன்னதில் தப்பில்லை, எல்லாரும் அப்படித்தான் செய்தார்கள். தன் இடத்தில் புதைத்து, அடையாளத்துக்கு ஒரு சவுக்குக் குச்சி நட்டுவிட்டு வந்தாள்.

மழை வந்தது, முகத்துவாரம் திறந்தது. ஆசை ஆசையாகப் பறியைக் கவ்விக்கொண்டு இறங்கினாள். காலில் சேறு படவில்லை, சுருக்கென்று குத்தியது. பதறிப்போய்த் துழாவினாள். குச்சியைச் சுற்றி அடை அடையாகக் காக்கா ஆழி. தள்ளிப்போகப் போகக் குறைந்து, ஓரத்தில் பொடிசாக இருந்தது. ஒரு கொத்தைப் பிய்த்தாள். உள்ளே அவள் புதைத்த மட்டி, வெறும் ஓடாக.

அவளுக்குப் புரிந்துவிட்டது. இதைக் கப்பலும் கொண்டுவரவில்லை, அலையும் கொண்டுவரவில்லை. சேற்றோடு ஒட்டியிருந்த கடுகளவுக் குஞ்சுகளை அவளே சுமந்து வந்திருக்கிறாள். மட்டியைச் சுருட்டிப்போட்ட சூடும் உப்பும் அதுங்களை ஒன்றும் செய்யவில்லை.

"வேலில போன ஓணான எட்து மடில வுட்டுக்கினேனே" என்று தலையில் அடித்துக்கொண்டு அழுதாள்.

"ஊருக்கே வந்துச்சு, நம்புளுக்கும் வந்துச்சு. யார்கிட்டயும் சொல்லாத" என்றான் நாகப்பன். வெட்கத்தில் அவளும் சொல்லவில்லை. கேட்டவர்களிடம் அலையில் வந்தது என்றாள்.

இந்தக் கோடையில் முகத்துவாரம் மறுபடி மூடியது. ஒரு காலை, சந்தியா கூடை நிறைய மட்டியோடு தன் இடத்துக்குப் போக இறங்கினாள். கரையில் நின்ற கஸ்தூரி அதைப் பார்த்தாள். வாயை மூடிக்கொண்டிருந்தால் மானம் மிஞ்சும்.

"ஏய், கொட்டாதடீ!"

ஓடிப்போய்க் கூடையைப் பிடித்தாள். ஒரு மட்டியை எடுத்துச் சேற்றை வழித்துக் காட்டினாள். ஓட்டில் கறுப்பாக மூன்று கடுகு.

"எம் மண்ண நான்தான் கெட்த்தேன். அலையில வந்துச்சுனு சொன்னது பொய்."

சந்தியா அந்த மட்டியை வாங்கி நகத்தால் சுரண்டினாள். அப்புறம், "சொரண்டிட்டுப் போடலாமேக்கா?" என்றாள்.

"எத்தினி சொரண்டுவ? கண்ணுல படாதது ஒண்ணு போதும்."

"அப்ப இதுங்கள இன்னா பண்றது? உயிரோட கீதே."

கஸ்தூரி கூடையை வாங்கி, கரையில் சுடுமணலில் கவிழ்த்தாள். மட்டி ஒவ்வொன்றாக வாயைத் திறந்து முடிக்கிற வரைக்கும் இரண்டு பேரும் அங்கேயே உட்கார்ந்திருந்தார்கள்.