ஈரச்சட்டை

சென்ற செவ்வாய்க்கிழமை காலையில் மலாக்காச் செட்டிகள் வாழும் கம்போங் செட்டிக்காரர் ஒருவர் என் வீட்டு வாசலில் வந்து நின்றார். வேலாயுதம் அண்ணனுக்கு அடுத்த வீட்டுக்காரர். நெற்றி நிறையத் திருநீறு பூசுவார், ஆனால் தமிழ் பேச வராது, தலைமுறை தலைமுறையாக மலாய்தான். "வேலு சுடா தாடா" என்றார். வேலு வீட்டில் இல்லை என்கிறார் என்று நினைத்து, சரி, சாயங்காலம் போய்ப் பார்க்கிறேன் என்றேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு அதையே மறுபடியும் மெதுவாகச் சொன்னார். அந்த 'இல்லை' இனி இல்லை என்பது என்று அப்போதுதான் புரிந்தது. வேலைக்குக் கிளம்பும் நேரத்தில் மார்வலி வந்து, வாசற்படியிலேயே அண்ணன் போய்விட்டார்.

அவரை அறியாதவர்களுக்குச் சொல்கிறேன். மலாக்காத் துறைமுகப் படகில் நானும் அவரும் ஒன்றாக வேலை பார்த்தோம். என்னைவிட இரண்டே வயது மூத்தவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கேட்டால், "படகோட குடும்பம் நடத்துறதே சுசா, பெரும்பாடு, இன்னொண்ணு எதுக்கு?" என்று சிரிப்பார். சொந்தம் என்று புக்கிட் பாருவில் ஒரு தங்கை மட்டும்.

மெர்டேக்கா, அதாவது சுதந்திரம், கிடைத்த சில வருடங்களில், பாய்மரப் படகுப் பயிற்சிக்காக எங்கள் இருவரையும் இங்கிலாந்துக்கு அனுப்பினார்கள். வடக்கே ஒரு கடற்கரை. அந்தத் தண்ணீரில் கையை வைத்தால் எலும்பு வரைக்கும் வலிக்கும். சாமான் அறையில் இரண்டு விதமான உடைகளைக் காட்டி, ஆளுக்கு ஒன்று எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள். ஒன்று டிரைசூட்: மெல்லிய ரப்பர் துணி, கழுத்திலும் மணிக்கட்டிலும் இறுக்கமான ரப்பர் பட்டி, உள்ளே கம்பளிச் சட்டை. மற்றது வெட்சூட்: உடம்போடு ஒட்டும் தடித்த ரப்பர்.

அண்ணன் தடித்த ரப்பரை அமுக்கிப் பார்த்து, இதுவே நல்லா இருக்கு என்றார். எனக்கு அந்தப் பெயரே பிடிக்கவில்லை. ஆறு மாதம் முன்புதான் ஈர வேட்டியோடு நின்று என் அப்பாவுக்குக் கொள்ளி வைத்திருந்தேன்.

"வேணாண்ணே. ஈரச்சட்டையா? நல்ல காரியத்துக்குப் போறவன் யாராச்சும் அதப் போடுவானா?"

என் முகத்தைப் பார்த்தார். "சரிடா தம்பி, நீ சொல்றேல்ல, காஞ்சதையே போட்டுக்கிறேன்" என்று கையிலிருந்ததை வைத்துவிட்டார்.

மறுநாள் நான்தான் டிரைசூட்டை அவர் தலைவழியே இழுத்து மாட்டிவிட்டேன். கழுத்துப் பட்டியில் என் நகம் பட்டுக் கிழிந்ததை இருவருமே கவனிக்கவில்லை. கரையை விட்டுக் கொஞ்ச தூரம் போனதும் காற்று திரும்பி, படகு கவிழ்ந்தது. கிழிசல் வழியாகத் தண்ணீர் புகுந்தது. உள்ளிருந்த கம்பளி அத்தனையையும் குடித்தது. நான் படகின் அடிப்பாகத்தைப் பற்றிக்கொண்டேன். அண்ணனுக்குக் கையைத் தூக்கவே முடியவில்லை. பயிற்சியாளரின் படகு வந்து தூக்கியபோது அவர் உதடு நாவற்பழ நிறத்தில் இருந்தது. அன்று முழுவதும் அவர் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து அழுதேன். வெட்கமில்லாமல் அழுதேன்.

மறுவாரம் அவர் வெட்சூட்டை மாட்டிக்கொண்டு கடலில் இறங்கினார். திரும்பி வந்து என்னிடம் சொன்னார்: "தம்பி, காஞ்ச சட்ட தண்ணிய வரவே விடாது. ஆனா ஒரு ஓட்ட விழுந்துச்சுன்னா அவ்ளோதான். இது அப்படி இல்ல, கொஞ்சம் தண்ணிய உள்ள விட்டுக்கும். மொதல்ல வெடவெடன்னுதான் இருக்கும். கொஞ்ச நேரம் பொறு, நம்ம உடம்பே அதச் சூடாக்கிரும்." மறுநாளே நானும் அதற்கு மாறினேன்.

எங்கள் ஊரான காஜா பெராங் திரும்பிய பிறகு எத்தனையோ பேர் விபத்தைப் பற்றிக் கேட்டார்கள். "ரப்பர் கிழிஞ்சிருச்சி லா" என்பதோடு நிறுத்திக்கொள்வார். என் பயத்துக்காகத்தான் அந்தச் சட்டையைப் போட்டார் என்று தங்கையிடம்கூடச் சொல்லவில்லை. மழையில் நான் நனைந்து வந்தால் மட்டும், "அய்யய்யோ, ஈரச்சட்ட, ஈரச்சட்ட!" என்று கேலி செய்வார். சுற்றி நிற்பவர்களுக்கு ஒன்றும் விளங்காது. இன்று நானே எல்லோருக்கும் சொல்லிவிட்டேன்.

புதன்கிழமை காலையில், யார் கொள்ளி வைப்பது என்ற பேச்சு வந்தது. தங்கைக்கு இரண்டும் பெண்பிள்ளைகள். அந்தத் தங்கையே என்னிடம் வந்து, "அண்ணே, நீங்கதான் செய்யணும். கூடப்பொறந்தவன் மாதிரின்னு உங்களத்தான் சொல்வாரு" என்றார். சரி என்று தலையை ஆட்டினேன்.

குழாயடியில் உட்காரவைத்து என் தலையில் தண்ணீர் ஊற்றினார்கள். சுடுகாட்டில் காற்று அதிகம். ஈர வேட்டியோடு தோளில் குடத்தை ஏற்றியபோது பல்லெல்லாம் கிட்டியது. முதல் சுற்று நடுங்கிக்கொண்டே போனேன். இரண்டாவது சுற்றில் கொஞ்சம் குறைந்தது.

மூன்றாவது சுற்று முடிந்து குடம் உடைந்தபோது எனக்குக் குளிரவில்லை, அண்ணே.