ஆளில்லாமல் வந்த போட்

எங்கள் பள்ளிமுனையில் அலுமினியப் போட் வைத்திருந்த ஒரே ஆள் என் கணவர்தான். மற்ற எல்லாரிடமும் பிளாஸ்ரிக் வள்ளம். இது ஏதோ ஒரு வெள்ளக் காலத்தில் நிவாரணத்துக்கென்று வந்து, பிறகு ஒரு அரசாங்கக் கந்தோரின் பின்வளவில் தேடுவாரற்றுக் கிடந்து, கடைசியில் ஏலத்துக்கு வந்தது. அவர் அதைக் கரைக்குக் கொண்டுவந்த அன்று நின்றவர்கள் எல்லாரும், "அண்டா வருது, அண்டா வருது, அரிசியைக் கழுவுங்கோ" என்று பகிடி பண்ணினார்கள். அவருக்குக் கோபமே வராது. "நண்டு பிடிச்சுக்கொண்டு வாறன், அண்டாவிலேயே அவிச்சுத் தின்னுவம்" என்றார். அவருக்கும் சேர்த்து எனக்குத்தான் கோபம் வந்தது. அன்றைக்குக் கரையில் இரண்டு பேருடன் சண்டை பிடித்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போனேன்.

தென்மேற்கிலிருந்து அடிக்கிற சோளகக் காற்று தொடங்கிய மாதத்தில் ஒரு விடியற்காலை நண்டு வலை எடுக்கத் தனியே போனவர் திரும்பி வரவில்லை. மறுநாள் பின்னேரம் ஓலைத்தொடுவாய்க் கரை ஆட்கள் போட்டை மட்டும் கட்டி இழுத்துக்கொண்டு வந்தார்கள். கவிழவில்லை, உடையவில்லை. வலை பாதி உள்ளே கிடந்தது, பாதி தண்ணீருக்குள் தொங்கியது. நான் கட்டிக் கொடுத்த சாப்பாட்டுப் பெட்டி திறக்கப்படாமல் இருந்தது. அதைத் திறந்தவள் நான்தான். ஏன் திறந்தேன் என்று கேட்காதீர்கள். அந்தப் புளித்த சோற்று மணம் இன்றைக்கும் என் மூக்கில் இருக்கிறது.

கரை முழுக்கத் தேடினார்கள். உடல் கிடைக்கவில்லை. அங்கேதான் எனக்கும் மாமாவுக்கும் இழுபறி தொடங்கியது. மாமா என்றால் அவருடைய தகப்பன், எங்களோடுதான் இருக்கிறார். "அவன் நீந்தத் தெரிஞ்சவன் பிள்ளை. நீரோட்டம் மேற்காலதான் இழுத்தது. அக்கரைப் போட்காரர் ஏத்தியிருப்பினம். எல்லை தாண்டினான் எண்டு பிடிச்சு ஜெயிலுக்குள்ள போட்டிருப்பாங்கள்" என்று மாமா தொடங்கினார். அப்படி நடப்பதும் உண்டுதான். போன இடம் தெரியாமல், செத்துப்போனான் என்று ஊரே ஒப்பாரி வைத்து முடித்த பிறகு தாடியோடு வந்து நின்றவர்களை நாங்கள் பார்த்திருக்கிறோம். அதனால் நானும் முதலில் நம்பினேன். இந்தியாவில் விடுதலையாகி யாராவது வந்தால் மாமா முதல் ஆளாக அவர்கள் வீட்டு வாசலில் நிற்பார். இப்படி ஒரு ஆள், நெற்றியில் தழும்பு, அதிகம் பேசமாட்டான், கண்டனீங்களோ? யாரும் கண்டதில்லை.

ஒரு சோளகம் போய், வாடையும் போய், அடுத்த சோளகமும் வந்தபோது எனக்கு நம்பிக்கை விட்டுப்போயிற்று. மாமாவுக்கு விடவில்லை. நான் பொழுதுபட வேலிப் படலையைக் கயிற்றால் கட்டுவேன்; கழுதைகள் உள்ளே வந்து மரக்கறிக் கன்றுகளைத் தின்றுவிடும். மாமா பின்னாலேயே போய் அவிழ்த்துவிடுவார். "அவன் வந்தால் வெளியில கூப்பிட்டுக்கொண்டே நிக்கிறது?" என்பார். செத்தவர்களுக்கு ஒப்புக்கொடுக்கிற ஆத்துமப் பூசை என்ற சொல்லை வீட்டில் எடுக்க விடமாட்டார். ஊருக்கும் என்னை என்ன செய்வது என்று தெரியவில்லை. கலியாண வீட்டுக்குச் சொல்வதா, விடுவதா? என்னைக் கண்டால் சேலையின் நிறத்தைப் பார்ப்பார்கள், கழுத்தைப் பார்ப்பார்கள், பிறகு வானத்தைப் பார்ப்பார்கள். நான் பெண்சாதியா, கைம்பெண்ணா? எது என்றாலும் சரி, ஒன்றைச் சொல்லித் தொலையுங்கள் என்று கத்தலாம் போல இருக்கும்.

அதனால்தான் போட்டை விற்பது என்று முடிவெடுத்தேன். காசுக்காக மட்டுமில்லை. அந்தப் போட் வளவில் கிடக்கும்வரை அவர் வருவார் என்றுதான் அர்த்தம். விற்றால் அவர் வரமாட்டார். அதை யாராவது ஒருவர் வாய்விட்டுச் சொல்லத்தான் வேண்டும். மாமா சொல்லப் போவதில்லை. எஞ்சினை முதலே விற்றாயிற்று. அதற்கு யாரும் கேள்வி கேட்கவில்லை. போட் அப்படியில்லை. ஆள் வராமல் தான் மட்டும் வந்த போட்டை எங்கள் கரையில் ஒருவரும் தொடமாட்டார்கள். சும்மா கொடுத்தாலும் சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டு விலகிப் போவார்கள். மாமா அதை வேலியோரம் கவிழ்த்து வைத்து, தென்னோலைக் கிடுகு போட்டு மூடி, கிழமைக்கு ஒருமுறை நல்ல தண்ணீரால் கழுவிக்கொண்டிருந்தார். மகன் வந்து கேட்கும்போது பழுதாகியிருக்கக் கூடாதாம்.

கடலோடிகள் வாங்காவிட்டால் குளத்துக்காரர் வாங்கட்டும் என்று ஆள் மூலம் சொல்லி அனுப்பினேன். கட்டுக்கரைக்குளத்தில் மீன் பிடிக்கிற ஒருவன் பெண்சாதியோடு, பெட்டி பூட்டிய லாண்ட்மாஸ்ரர் உழவு மெசினில் வந்து இறங்கினான். மாமாவிடம், "சும்மா பாக்கத்தான் வருகினம்" என்று சொல்லி வைத்திருந்தேன். அவர் கதிரையை முற்றத்தில் இழுத்துப் போட்டு, முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டு இருந்தார்.

அந்த மனிதன் பார்த்த பார்வை! நானும் மீன்பிடிக் குடும்பத்தில் பிறந்தவள்தான். எங்கள் ஆட்கள் வள்ளம் வாங்கப் போனால் முதலில் கேட்பது, ஆர் ஓடினது, என்ன நடந்தது, எந்தக் கோயிலில் மந்திரிச்சது என்றுதான். இவன் அதெல்லாம் கேட்கவேயில்லை. அடித்தகட்டை முழங்கையளவு முழங்கையளவாகத் தடவினான். ரிவெட் ஆணி ஒவ்வொன்றையும் ஒரு கரண்டிக் காம்பால் தட்டிக் காது கொடுத்தான். ஆணியைச் சுற்றி வெள்ளையாகப் பூத்திருந்த இடங்களை நகத்தால் சுரண்டினான்.

"உப்புத் தின்னத் தொடங்கீட்டுது அக்கா. ஆனா ஓட்டை இல்லை" என்றான். "எங்கட குளத்துக்குள்ள பட்ட மரக்கட்டையள். தண்ணி வத்தினா ஈட்டி மாதிரி நிக்கும். பிளாஸ்ரிக் ரெண்டு வருசத்தில கிழிஞ்சுபோம். அதுதான் இப்பிடி ஒண்டு தேடித் திரிஞ்சனாங்கள்."

"பாருங்கோ தம்பி. பொம்பிளை பாக்க வந்த மாதிரி ஆறுதலாப் பாருங்கோ" என்றேன். என் வாய் அப்படித்தான்.

பிறகு போட்டை நிமிர்த்த வேண்டும் என்றான். மூன்று பேருமாகத் தூக்கி நிமிர்த்தி, இரண்டு பனங்குற்றிகளின் மேல் வைத்தோம். பின்பக்கம் இவ்வளவு நாளும் வேலியைப் பார்த்துக் கிடந்தது. இப்போதுதான் முற்றத்தைப் பார்த்தது. உள்ளே வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றச் சொன்னான். வெளியிலிருந்து உள்ளே வருவதைப் பார்ப்பதைவிட உள்ளேயிருந்து வெளியே சொட்டுவதைப் பார்ப்பது லேசாம். நான் கிணற்றில் அள்ள, அவன் பெண்சாதி ஊற்ற, அவன் மண்ணில் மல்லாந்து படுத்துக்கொண்டு அடித்தகட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஒரே ஒரு இடத்தில்தான் ஈரம் கசிந்தது. "இது பூசினாப் போதும்" என்று எழும்பினான். எஞ்சின் பூட்டுகிற பலகையில் கத்தி முனையைக் குத்திப் பார்த்தான். உக்கியிருந்தது. அதை மாற்ற வேண்டும் என்றான். எனக்கு அவனைப் பிடித்துப்போயிற்று. இவன் வாங்கப் போகிறான் என்று தெரிந்துவிட்டது.

அப்போதுதான் அவன் பெண்சாதி கேட்டாள். "அக்கா, இதில ஏறுறதுக்குக் கயிறு இல்லையோ?"

"என்ன கயிறு?"

"தண்ணிக்குள்ள விழுந்தா எப்பிடி ஏறுறது? தகடு வழுக்குமெல்லோ. எங்கட ஆக்கள் பின்னுக்கு ஒரு வளையக் கயிறு தொங்கவிடுவினம், காலை வைச்சு ஏற."

எனக்குச் சுள்ளென்று வந்தது. "எங்கட ஆக்கள் விழுறதுக்கு ஆயத்தப்படுத்திக்கொண்டு கடலுக்குப் போறேல்லை, தங்கச்சி." அது உண்மை. கடலுக்குப் போகிறவனை எங்கே போகிறாய் என்று கேட்கமாட்டோம், கவனம் என்றும் சொல்லமாட்டோம். விழுந்தால் ஏறக் கயிறு கட்டுவது, விழுகிறேன் வா என்று கடலைக் கூப்பிடுகிற மாதிரி. எங்கள் கரையில் ஒரு வள்ளத்திலும் அப்படி ஒன்றைக் காணமாட்டீர்கள்.

"இல்லையே அக்கா, இதில இருந்திருக்கு" என்று அவன் பின்பக்கம் குந்தினான். பின்மூலை இரும்பு வளையத்தில் நீல நைலோன் முடிச்சு ஒன்று இறுகிக் கிடந்தது. முடிச்சோடு ஒட்டக் கத்தியால் வெட்டியிருந்தது. "அறுந்ததில்லை இது. ஆரோ வெட்டியிருக்கினம்."

அந்த வளையத்துக்குக் கீழே தகட்டில் மெல்லிய கீறல்கள் இருந்தன. மேலிருந்து கீழாக, ஒன்றுக்குப் பக்கத்தில் ஒன்றாக, எக்கச்சக்கமாக. அவன் விரலால் தடவி, "நங்கூரம் உரசினதாக்கும்" என்றான். நங்கூரம் முன்பக்கம்தான் போடுவார்கள். அவருடைய விரலில் எங்கள் கலியாண மோதிரம் இருந்தது. அலுமினியம் மென்மையான சாமான். பிடித்து வழுக்கி, பிடித்து வழுக்கி... என்ர மாதாவே, எவ்வளவு நேரம் பிடித்தாரோ! போட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

கதிரை சரிந்த சத்தம் கேட்டது. மாமா எழும்பி வந்து அந்தக் கீறல்களைப் பார்த்தார்.

"நான்தான் வெட்டினனான்" என்றார்.

"என்ன?"

"அவன் கட்டி வைச்சிருந்தான் பிள்ளை. இது வழுக்குது அப்பா, ஒருக்கா விழுந்து ஏற ஏலாமப் போச்சு எண்டு சொன்னவன். கரையில சனம் சிரிச்சது. எனக்கு மனசுக்குச் சரிவரேல்லை, அபசகுனம் எண்டு வெட்டிப்போட்டன். அவன் கண்டிட்டுத் திரும்பக் கட்டேல்லை. அந்தக் கிழமைதான்..."

என் கையில் வாளி இருந்தது. அதை அந்த மனிதரின் தலையில் போட வேண்டும் போல இருந்தது. பொய் சொல்லவில்லை, அப்படித்தான் இருந்தது. "இவ்வளவு நாளும் எனக்கு ஜெயில் கதை சொன்னனீங்கள் என்ன, மாமா! சொல்லிச் சொல்லி என்னைப் படலையையும் கட்டவிடேல்லை என்ன!" என்று கத்தினேன். பக்கத்து வளவுக்காரர் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

குளத்துக்காரனின் பெண்சாதி என் கையிலிருந்து வாளியை மெல்ல வாங்கினாள். "அக்கா, நாங்கள் வேற நாளைக்கு வரட்டே?"

நான் பதில் சொல்வதற்குள் மாமா சொன்னார். "கொண்டுபோங்கோ. அவன் அக்கரையில இல்லை. அவன் வரமாட்டான்."

யாராவது சொல்ல வேண்டும் என்று நான் ஏங்கிக் கிடந்த சொல் அதுதான். கேட்டபோது ஒரு ஆறுதலும் வரவில்லை. "நீங்களும் யோசிச்சுச் சொல்லுங்கோ தம்பி. ஆள் போன போட் இது" என்றேன். அவன் பெண்சாதியைப் பார்த்தான். "எங்கட குளமும் ஆளைத் தின்னுறதுதான் அக்கா" என்று அவள்தான் சொன்னாள். "கயிறு மட்டும் கட்டிக்கொண்டு போறம்."

மாமா படலைக்குப் போனார். அதில் நான் ஒவ்வொரு நாளும் கட்டுகிற, அவர் ஒவ்வொரு நாளும் அவிழ்க்கிற கயிற்றைக் கழற்றிக்கொண்டு வந்தார். நீல நைலோன். அது எங்கிருந்து வந்தது என்று நான் ஒரு நாளும் யோசித்ததில்லை. ஒரு நாள் வந்து பார்த்தால் படலையில் இருந்தது, அவ்வளவுதான். பழைய முடிச்சைப் பல்லால் கடித்து நெகிழ்த்தி எடுத்துவிட்டு, அதே வளையத்தில் அந்தக் கயிற்றைப் போட்டு, கால் வைக்கிற அளவில் வளைத்துக் கட்டினார். கட்டு இறுக்கமாகத்தான் விழுந்தது.

"ஏறிப் பாருங்கோ தம்பி" என்றேன்.

அவன் தண்ணீரில் கிடப்பவனைப் போல மண்ணில் பதுங்கியிருந்து, ஒரு காலைக் கயிற்றுக்குள் வைத்து, விளிம்பைப் பிடித்து உன்னினான். ஒரே மூச்சு. போட்டுக்குள் நின்றான். மாமா முகத்தைப் பொத்திக்கொண்டு கீழே இருந்துவிட்டார்.

போட்டை ஏற்றி அனுப்பிவிட்டு, அன்று பின்னேரமே ஆத்துமப் பூசைக்குச் சொல்லக் கோயிலுக்குப் போனேன். கொஞ்சத் தூரம் போன பிறகு பின்னால் மாமாவின் செருப்புச் சத்தம் கேட்டது. மூச்சு வாங்க வாங்க வந்துகொண்டிருந்தார். நான் நடையைக் குறைக்கவில்லை.