வெர்லா மன்னித்த மோதிரம்

லோவெல் டாக்கெட்டுக்குத் தங்கப் பைத்தியம் என்று கெட்டில் ஓடைக்கரை முழுக்கச் சொல்வார்கள். அந்தப் பைத்தியமாவது இருந்திருந்தால் மனுஷன் நாலு காசு பார்த்திருப்பார். அவர் அந்த ஓடையைச் சலித்துப் போட்டதெல்லாம் ஒரு மோதிரத்துக்காக. வேறு யாருடையதும் இல்லை, அவருடைய கல்யாண மோதிரந்தான்.

ஒரு கோடையில் சரளையை அள்ளிக்கொண்டிருந்தபோது அது விரலிலிருந்து நழுவி ஓடையில் விழுந்தது. விழுந்ததோடு போயிருந்தால் பரவாயில்லை. அதே வாரம் அவர் அப்பாவின் துப்பாக்கியை விற்றுப் பழைய பம்பு ஒன்று வாங்கினார். விரலில் மோதிரம் இல்லை, கொட்டகையில் புதிதாக ஒரு பம்பு. மனைவி வெர்லா இரண்டையும் முடிச்சுப் போட்டுவிட்டாள்.

சண்டை பிடித்திருந்தால் ஒரு மாதத்தில் ஆறியிருக்கும். அவள் மன்னித்துவிட்டாள். அதுதான் வினை. கூரை ஒழுகினாலும் சரி, காபித்தூள் வாங்க மறந்தாலும் சரி, "மோதிரத்தையே வித்த ஆள மன்னிச்சிருக்கேன், இதென்ன பெரிசு" என்பாள். மாதாகோயில் விருந்தில் பீன்ஸ் பரிமாறிக்கொண்டே அதைச் சொல்வாள். கேட்ட பெண்கள் எல்லாம் அவளை ஒரு புனிதவதியைப் போலப் பார்ப்பார்கள். விற்கவில்லை என்று லோவெல் கரடியாய்க் கத்திப் பார்த்தார். செய்யாத தப்புக்கு மன்னிப்பு வாங்கி வாங்கி அவருக்கு உள்ளுக்குள் வெந்துபோயிற்று.

அதனால்தான் இருபது வருஷமாகக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடினார். தேடிய தேடலில் வேறொரு பெயர் கிடைத்தது. ஓடையில் கிடைக்கும் இனந்தெரியாத உலோகத்துக்கு அவர்தான் கரைக்கே வாத்தியார். புதிதாக யாராவது தங்கம் சலிக்கும் தட்டோடு வந்து இறங்கினால் போதும், பிடித்துக்கொள்வார். கடித்துப் பார்க்காதே, சட்டைப்பையில் போடாதே, காந்தம் ஒட்டுகிறதா பார், ஈயம் போலக் கனக்கிறதா பார். என்னவென்று தெரியாத வெள்ளை உலோகத்தை நெருப்பில் காட்டவே காட்டாதே, அடுப்படிக்குள் கொண்டுபோகாதே. அந்தக் காலத்துச் சுரங்கக்காரர்கள் தங்கம் பிடிக்கக் கொட்டிய பாதரசம் இன்னும் இந்தப் பாறை இடுக்குகளில் கிடக்கிறது. தங்கத்தைத் தொட்டால் அதையும் வெள்ளையாக்கிவிடும், ஆகவே மோதிரத்தைக் கழற்றி வண்டியிலேயே வை. கடைசி வரியைச் சொல்லும்போது மட்டும் தன் வெறும் விரலைத் தடவிக்கொள்வார்.

பக்கத்துக் கொட்டகை டப் ஹார்கிஸுக்கு இதெல்லாம் வேடிக்கை. அவர் தாத்தா உருளைக்கிழங்கைக் குடைந்து, பாதரசமும் தங்கமும் கலந்த வெள்ளை உருண்டையை உள்ளே வைத்துத் தணலில் சுடுவாராம். பாதரசம் கிழங்கோடு போய்விடும், தங்கம் மிஞ்சுமாம்.

"உன் தாத்தா எப்படிச் செத்தாரு?" என்று லோவெல் கேட்டார்.

"கை நடுங்கி, பல்லெல்லாம் கொட்டி. ஆனா நிறையத் தங்கம் வச்சிருந்தாருப்பா."

லோவெல் அப்படியெல்லாம் செய்கிறவரா? கிடைத்த வெள்ளை எல்லாவற்றையும் கையுறை போட்டு எடுத்து, பழைய ஊறுகாய் ஜாடியில் தண்ணீருக்கடியில் போட்டு, இறுக மூடி, வீட்டுக்கு எட்டத்தில் வைத்திருந்தார். போன இலையுதிர் காலத்தில் மணல் அப்பிய வெள்ளை வளையம் ஒன்று தட்டில் வந்தது. கனமாக இருந்தது, காந்தம் ஒட்டவில்லை. ஏதோ பழைய குழாயின் ஈய வளையம் என்று ஜாடிக்குள் போட்டுவிட்டு மறுபடி மோதிரம் தேடப் போனார்.

வசந்தத்தில் தீயணைப்பு நிலைய வாசலில் பாதரசத்தைப் பத்திரமாக அகற்றுவதற்காக வாங்கிக்கொள்ள ஆள் வந்திருப்பதாகத் தகவல் வந்தது. லோவெல் ஜாடியை ஒரு வாளிக்குள் வைத்து வண்டியின் பின்தட்டில் ஏற்றினார். வெர்லாவும் ஊர்க்கதை பேசுவதற்காகக் கூடவே வந்தாள். கையுறையும் முகமூடியும் போட்ட ஒரு பெண் ஜாடியைத் தட்டில் கவிழ்த்தாள். அந்த வளையத்தை இடுக்கியால் எடுத்துக் கழுவி, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இது ஈயம் இல்லைங்க ஐயா. தங்க மோதிரம், பாதரசம் ஏறியிருக்கு. உள்ள ஏதோ வெட்டியிருக்கு... வெர்ல்."

கல்யாணத்துக்கு முன்னால் ஆசாரி வெர்லாவின் பெயரில் கடைசி ஆங்கில எழுத்தை விட்டுவிட்டான். திருப்பி வெட்டக் கூலி கேட்டதால் லோவெல் அப்படியே விட்டுவிட்டார். உலகத்தில் அப்படி ஒரு மோதிரந்தான் உண்டு.

வெர்லா கையை நீட்டினாள். தொடக் கூடாதென்று அந்தப் பெண் தடுத்து, மோதிரத்தை மூடியுள்ள குப்பியில் போட்டாள். மூடிய பாத்திரத்தில் காய்ச்சிப் பாதரசத்தைப் பிரிக்கிற பட்டறைக்குத்தான் இதை அனுப்ப வேண்டும், அங்கங்கே அரித்திருந்தாலும் மஞ்சளாகத் திரும்பி வரும் என்றாள்.

லோவெல் மனைவியின் பக்கம் திரும்பினார். இந்த முகத்தைப் பார்க்கத்தான் இருபது வருஷம் தண்ணீரில் நின்றார்.

"அப்ப நீ விக்கல," என்றாள் வெர்லா.

"விக்கல."

அவள் முகம் விழுந்துபோயிற்று. "அப்ப இத்தன வருஷம் நான் எதுக்குத்தான் உன்ன மன்னிச்சேன்?"

லோவெலுக்கு ஜெயித்த சந்தோஷம் எங்கே போனதென்றே தெரியவில்லை. அவளைப் பார்க்கப் பாவமாகக்கூட இருந்தது.

திரும்பும் வழியெல்லாம் வெர்லா ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். மரப்பாலம் தாண்டியதும் அவள் முகத்தில் மெல்லக் களை வந்தது.

"ஊருக்கெல்லாம் வெள்ளைய அடையாளம் காட்டுற ஆளு. பொண்டாட்டி பேரு போட்ட மோதிரத்த ஈயம்னு ஊறுகா ஜாடில போட்டு, ஒரு குளிர்காலம் முழுக்க வச்சிருந்திருக்க."

லோவெல் வாயைத் திறப்பதற்குள் அவள் அவருடைய முழங்காலை ஆதரவாகத் தட்டினாள்.

"போகட்டும், லோவெல். அதையும் மன்னிச்சுட்டேன்."