பீடம் ஏறாத சால்வியா

சால்வியாப் பூவின் சிவப்புக் குழலை மெல்ல உருவி, அடிநுனியை உதட்டில் வைத்து உறிஞ்சினால் நாக்கில் ஒரு பொட்டுத் தேன் படும். அந்தப் பொட்டு இனிப்புக்காக அம்மாவிடம் நான் வாங்கிய குட்டுகள் கொஞ்சநஞ்சமல்ல. "எல்லாப் பூவையும் நீயே உருவிப்புட்டா வெத எப்பிடிடி கட்டும்?" என்று துடைப்பத்தோடு வருவாள். விருத்தாசலத்தில், பீங்கான் கம்பெனிகளுக்குப் பின்னால் எங்கள் வாடகை வீடு இருந்த எண்பதுகளின் கடைசி அது.

அப்பாவுக்குச் சூளையில் சரக்கு அடுக்கும் வேலை. வேகும்போது விரிசல் விட்டதையெல்லாம் "ரிஜெக்ட்டு" என்று மதிலோரம் கொட்டிவிடுவார்கள், வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளலாம். மற்றவர்களுக்கு ஊறுகாய் ஜாடியும் பொம்மையும் கிடைக்க, அப்பாவுக்கு வாய்த்தவை கக்கூஸ் கோப்பைகள். அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். ஆனால் அகன்ற வாயையும் தண்ணீர் வடிய அடியில் இருந்த ஓட்டையையும் பார்த்ததும் மனசு மாறி, ஆற்று மணலும் செம்மண்ணும் ஆட்டெருவும் கலந்து நிரப்பி, வாசலில் வரிசையாக வைத்து, ரயில் நிலையத் தோட்டக்காரர் கொடுத்த சால்வியா விதையைத் தூவிவிட்டாள். "என்னக்கா, பூவுக்குத் தனிக் கக்கூஸா?" என்று தெருவே சிரித்தது. "நம்ம வூட்டு மனுசங்களுக்குத்தான் இல்ல, பூவுக்காச்சும் இருக்கட்டுமே!" என்பாள் அம்மா. அது வேடிக்கைப் பேச்சில்லை, நாங்கள் ஏரிக்கரைக்குத்தான் போய்க்கொண்டிருந்தோம்.

ஒரு பருவம் பூத்துக் காய்ந்துபோகிற செடி அது. விதை எடுத்து வைத்தால்தான் அடுத்த வருடம் உண்டு. மண்ணில் புதைத்தால் முளைக்காது என்று மேலாகத் தூவுவாள். ஐப்பசி மழை நாற்றை அடித்துவிடாமல், தான் நனைந்துகொண்டு கோணியை விரித்துப் பிடித்தபடி நிற்பாள். அவளுக்கு இருந்தது ஒரே ஆசைதான்: கிறிஸ்துமஸ் அன்று தன் பூ கோயில் பீடத்தில் நிற்க வேண்டும்.

ஒரு மார்கழியில் செடிகள் பற்றி எரிகிற மாதிரி பூத்தன. விதைக்கென்று கொஞ்சம் கதிர்களை விட்டுவிட்டு, மற்றதை வெட்டி வாளி நிறைய எடுத்துக்கொண்டு, பண்டிகைக்கு முந்தின நாள் சாயங்காலம் என்னையும் அழைத்துக்கொண்டு கோயிலுக்குப் போனாள். பீடத்தை ஜோடித்துக்கொண்டிருந்தவர் கோயிலின் பெண்கள் சபைத் தலைவி லூர்து டீச்சர்.

"ஏம்மா, கக்கூஸ் கோப்பையில வச்ச பூதானே இது? பீடத்துல எப்பிடி வெக்கிறது?"

"சூளையிலேர்ந்து நேரா எங்க வூட்டுக்கு வந்ததுங்க டீச்சர். யாரும் காலெடுத்து வெக்கலைங்க."

"தெரியுதும்மா. ஆனா மனசுன்னு ஒண்ணு இருக்குதுல்ல?"

நின்றிருந்த பெண்கள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார்கள். அம்மா வாளியைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தாள். பீடத்தில் காகிதப் பூ நின்றது. டீச்சர் வீட்டுக் கக்கூஸில் பதித்திருந்ததும் எங்கள் அப்பா சூளையில் அடுக்கிய கோப்பைதானே!

விஷயம் கேள்விப்பட்ட அப்பா கடப்பாரையை எடுத்தார். "நாந்தானே சொமந்துகிட்டு வந்தேன், நானே ஒடைக்கிறேன்" என்று ஒவ்வொன்றாக நொறுக்கினார். பிஞ்சு விதையோடு செடிகள் ஓட்டுச்சில்லுக்கடியில் கிடந்தன. அம்மா குனிந்து ஒரு கதிரைக் கசக்கிப் பார்த்தாள், உள்ளே எல்லாம் பச்சை. "வெத முத்துறவரைக்கும் பொறுத்திருக்கலாமே" என்றாள். அவ்வளவுதான். தோட்டக்காரரும் அதற்குள் மாற்றலாகிப் போயிருந்தார். தொண்ணூறுகள் முழுக்க அந்த வாசலில் கோழி மேய்ந்தது. அம்மா ஒரு துளசிகூட வைக்கவில்லை.

இன்று கம்பெனிகள் பாதி பூட்டிக் கிடக்கின்றன, அப்பா இல்லை, வாசல் முழுக்க சிமெண்ட். போன மார்கழியில் அம்மாவும் போய்விட்டாள். சபைப் பெண்கள் பிளாஸ்டிக் மலர்வளையத்தோடு வந்தார்கள்; தடி ஊன்றிக்கொண்டு லூர்து டீச்சரும் வந்தார். பெட்டியருகில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஒங்கம்மா செவப்பா ஒரு பூ வளப்பாங்களே, என்னா அழகு! அதுல நாலு கதிர் பறிச்சுட்டு வாம்மா, பெட்டியில வெக்கலாம்" என்றார், நிஜமாகவே கண் கலங்கி.

"வெத இல்லீங்க டீச்சர்" என்றேன்.