கரிசல் வெடிப்புச் சேலை

சித்தி துணியில் அச்சடிக்கும் டிசைன்களைப் பற்றிக் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தாள். அது என்ன படிப்பு என்று எங்கள் வீட்டில் யாருக்கும் சரியாக விளங்கவில்லை. அக்கம்பக்கத்தில் கேட்டவர்களிடம் அம்மா 'டெய்லர் படிப்பு' என்று சொல்லிவைத்திருந்தாள். சித்தி அம்மாவின் ஒரே தங்கை. தாத்தா போன பிறகு கோவில்பட்டியில் எங்களோடுதான் இருந்தாள். அவளுடைய கல்யாணப் பொறுப்பும் அப்பா தலையில்தான்.

கடைசி வருஷ புராஜெக்ட்டுக்கு, சொந்த ஊரில் பார்த்த ஏதாவது ஒன்றை வைத்துச் சேலைக்கு டிசைன் செய்ய வேண்டும். லீவில் வந்தவள் என்னை ஸ்கூட்டியில் ஏற்றிக்கொண்டு கடம்பூர் ரோட்டில் காடு காடாக அலைந்தாள். பருத்தியையோ சூரியகாந்தியையோ வரைவாள் என்று பார்த்தால், மழையில்லாமல் பாளம்பாளமாக வெடித்துக் கிடந்த கரிசல் மண்ணைக் குனிந்து குனிந்து போட்டோ எடுத்தாள்.

வீட்டுக்கு வந்து அந்த வெடிப்புகளைத் தாளில் வரைந்தாள். பிறகு தாளை நாலாக வெட்டி, இடப்பக்கத்தை வலப்பக்கமும் மேலதைக் கீழுமாக மாற்றி ஒட்டி, நடுவில் அறுபட்டு நின்ற கோடுகளைச் சேர்த்து வரைந்தாள். அப்போதுதான் அடுத்தடுத்து அச்சடிக்கையில் ஒட்டு தெரியாமல் கோடு ஓடிக்கொண்டே இருக்குமாம். ஒட்டு எங்கேயாவது தெரிகிறதா என்று பார்ப்பது என் வேலை. நாலாம் வகுப்பில் வேறு யாருக்கும் கிடைக்காத உத்தியோகம்.

கல்யாணத் தாம்பூலப் பைகளுக்கு ஸ்கிரீன் பிரிண்டிங் போடும் கடை அண்ணாச்சி, கறுப்புத் துணியையும் டிசைனையும் மாறிமாறிப் பார்த்தார்.

"மயில் போடலாம், மாங்கா போடலாம். வெடிப்பையா போடுதீங்க?"

"வெடிப்புத்தான் அண்ணாச்சி. கோடு மட்டும் விடாம சேந்து வரணும்."

வந்தது. கறுப்பில் சாம்பல் நிறக் கோடுகள். அச்சு அசல் எங்கள் ஊர்க் காடு.

சேலை காய்ந்த வாரமே, ஓட்டப்பிடாரத்திலிருந்து சித்தியைப் பெண் பார்க்க வருகிறார்கள் என்று அப்பா சொன்னார். சித்தி மறுபேச்சுப் பேசவில்லை. அம்மாவுக்கே ஆச்சரியம். மயில்கழுத்து நிறப் பட்டுச் சேலையை எடுத்துக் கட்டிலில் வைத்தாள்.

வந்தவர்கள் போளியைப் பிட்டு வாயில் வைக்கிற நேரத்தில் சித்தி வெளியே வந்தாள். உடம்பில் பட்டு இல்லை, வெடிப்புச் சேலை. நல்ல காரியத்தில் கறுப்பா! அம்மா காபித் தட்டோடு குறுக்கே வந்து மறைக்கப் பார்த்தாள். மாப்பிள்ளை சுவர்க் காலண்டரைப் படிக்கத் தொடங்கினார்.

மாப்பிள்ளையின் அம்மாதான் கேட்டார். "இது என்ன டிசைனும்மா?"

"மழையில்லாம காட்டுல மண்ணு வெடிச்சிருக்கும்லா? அது," என்றாள் சித்தி, நிறுத்தி நிதானமாக.

எல்லாரும் சேலையை முறைத்துப் பார்த்தார்கள். இவ்வளவு பாடுபட்ட சேலையை ஒருத்தரும் மெச்சவில்லையே என்று எனக்குப் பொறுக்கவில்லை. ஓடிப்போய் முந்தானையை இழுத்து அந்த அம்மாவின் மடியில் போட்டேன்.

"ஒட்டு எங்கன இருக்குன்னு கண்டுபிடிங்க பாப்போம்!"

சித்தி முந்தானையைத் தன் பக்கம் இழுத்தாள். நான் விடவில்லை.

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு தேடினார். விரல் ஒரு கோட்டைப் பிடித்துப் போய், கிளை பிரிந்து, இன்னொன்றில் ஏறி, நிற்க இடமில்லாமல் சுற்றியது.

"எங்க புஞ்சையும் இந்தா இப்படியேதான் கெடக்கு. நீயா தாயி வரஞ்ச? எனக்கும் ஒண்ணு போட்டுத் தருவியா?"

போகும்போதே சம்மதம் சொல்லிவிட்டுப் போனார்கள். நான் சித்தியிடம் ஓடினேன்.

"அவியளுக்குப் புடிச்சிருச்சு சித்தி!"

"ஆமாட்டி, புடிச்சிருச்சு," என்றாள், என் முகத்தைப் பார்க்காமல்.

மறுநாள் காலை அப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது எதிரே வந்து நின்றாள்.

"அத்தான், எனக்கு இப்பம் கல்யாணம் வேண்டாம். படிச்ச படிப்புக்கு வேலைக்குப் போகணும்."

அப்பா பிட்ட இட்லியைத் தட்டிலேயே வைத்தார்.

"இத முன்னாலயே வாயத் தொறந்து சொல்லிருக்கலாம்லா? இதுக்கா அந்தக் கறுப்புச் சேல?" என்றவர், என்னைப் பார்த்ததும் அடக்க முடியாமல் சிரித்துவிட்டார். சித்தியும் சிரித்தாள்; அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்த அம்மாவும் சிரித்தாள். அன்றே ஓட்டப்பிடாரத்துக்குப் போன் போட்டுப் பக்குவமாகச் சொல்லிவிட்டார் அப்பா. படிப்பு முடிந்ததும் சித்தி திருப்பூரில் வேலைக்குச் சேர்ந்தாள்.

எனக்குத்தான் அன்று மனசே ஆறவில்லை. முறைத்துக்கொண்டிருந்தவர்களைப் பேசவைத்து, சேலை பிடித்திருக்கிறது என்று சொல்லவைத்தவள் நான். அதற்கு ஒரு மிட்டாய்கூட வாங்கித் தராமல், மூன்று பேரும் என்னைப் பார்த்துப் பார்த்து ஏன் சிரிக்கிறார்கள்?