ஓர் இழை திரும்பியது

அண்ணாமலை நகரில் ஆராய்ச்சி மாணவியாக எனக்கு அது நான்காம் வருடம். கோழிக்கருவின் நரம்பு செல்களைக் கண்ணாடித் தட்டில் வளர்த்து, ஓரத்தில் வழிகாட்டும் புரதத்தை வைப்பேன். செல்லிலிருந்து நீளும் நரம்பிழை அதை நோக்கித் திரும்ப வேண்டும். மின்வெட்டில் இன்குபேட்டர் அணைந்து பலமுறை எல்லாம் செத்துப்போயின. அன்று ஒரே ஓர் இழை திரும்பியிருந்தது. ஆய்வகத்தில் பாத்திரம் கழுவும் அக்காவைக் கூப்பிட்டு நுண்ணோக்கியில் காட்டினேன்.

“கண்ணு இல்லாம அதுக்கு எப்பிடி வழி தெரியுது?” என்றார்.

“அந்தப் புரதம் கரைஞ்சு பரவுதுக்கா. எந்தப் பக்கம் ஜாஸ்தியோ அந்தப் பக்கம் போவுது.”

“அப்ப வேலை முடிஞ்சுதா?”

“ஒண்ணு போதாதுக்கா. இன்னும் நிறைய தட்டுல வரணும்.”

சந்தோஷத்துக்குப் பதில் அசதிதான் வந்தது. அக்கா என்னை வராந்தாவில் உட்காரவைத்து, தன் டீயில் பாதியைக் கொடுத்தார். குடித்துவிட்டுப் போய் அடுத்த முட்டையை உடைத்தேன்.